சோப்பு வைக்க ஓர் இடம்

அந்த ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் பத்தொன்பது வருஷமாக ஆயா வேலை பார்த்தவளை எல்லோரும் 'கறார் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் உருவி மறுபடி விரிப்பாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டால் பெரிய டாக்டரின் மைத்துனராக இருந்தாலும் வாசலைக் காட்டிவிடுவாள். நோயாளியைக் குளிப்பாட்டும்போது மட்டும் அது வேறு கை. "மெதுவாம்மா, தண்ணி எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிச் சொல்லியே ஊற்றுவாள்.

பெண்கள் வார்டின் பழைய குளியலறை பார்க்கச் சகிக்காது. காரை பெயர்ந்து, சுவரெல்லாம் கறை. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிமெண்ட் திட்டு இருக்கும். அதில் சோப்பும் குவளையும். கதவோரம் ஊன்றுகோல் சாய்க்க இரண்டு முளைகள். எந்தக் காலத்திலோ ஒரு மேஸ்திரி, உள்ளே குளிக்கப் போகிறவள் ஒற்றைக் காலில் நிற்பவள் என்பதை நினைத்துப் பார்த்துச் செய்தது.

அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். வெள்ளை டைல்ஸ், ஆள் உயரக் கண்ணாடி, பூச்சாடி வைக்க ஒரு மாடம் கூட இருந்தது. கறார் அக்கா முதல் நாள் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"சார், சோப்ப எங்க வைக்கிறது?"

இன்ஜினியர் கதவுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். நிற்பவன் தலை உயரத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. ஸ்டூல் போடும் இடமோ எதிர்ச்சுவர் மூலை. நடுவில் நாலடி.

"துணி மாட்ட ஒரு கொக்கி?"

"டைல்ஸ்ல ஓட்ட போட்டா அழகு போயிடும்மா. பழகிக்கோங்க."

ஃபினாயிலும் ஆசிட்டும் வாஷ்பேசினுக்குக் கீழ் இருந்த ஒரே அலமாரியில், நோயாளிகளின் எண்ணெய் பாட்டிலோடு தோளுரசி நின்றன. கறார் அக்கா நர்ஸைக் கொண்டு இரண்டு முறை மனு எழுதிப் போட்டாள். கிணற்றில் போட்ட கல்தான். சோப்பு வைக்கத் தன் வீட்டிலிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்தாள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சூப்பர்வைசர் அதை எடுத்து மாடிப்படிக்கடியில் போட்டுவிட்டார்.

ஆறாவது வாரம், இடது காலில் மாவுக்கட்டு போட்டிருந்த ஒரு தையல்காரம்மா குளித்துக்கொண்டிருந்தாள். சோப்பு தரையில் இருந்தது. வேறு எங்கே இருக்கும்? துண்டு எடுக்கக் கறார் அக்கா அந்த நாலடியைக் கடந்து திரும்புவதற்குள், தையல்காரம்மா குனிந்தாள். ஸ்டூல் வழுக்கியது. ஊன்றிய வலது மணிக்கட்டு உடைந்தது.

மறுநாள் காலை கறார் அக்காவின் கையில் ஒரு காகிதம் வந்தது. பணியில் கவனக்குறைவு, மூன்று நாளில் விளக்கம் தேவை.

"ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துடுங்க, இதோட முடிச்சிடலாம்" என்றார் நிர்வாக அதிகாரி அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

"செஞ்ச தப்புக்கு நூறு மன்னிப்பு கேப்பேன் மேடம். செய்யாததுக்கு ஒண்ணு கூட வராது."

வீட்டில், வேன் ஓட்டும் அவள் கணவர் சொன்னார்: "ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வேலையப் பாரேன்."

"உங்க வண்டில பிரேக்க டிக்கில வச்சுட்டு, இடிச்சதுக்கு நீங்கதான் காரணம்னா போடுவீங்களா?"

அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சும்மா உட்காருகிற ஜாதியில்லை அவள். குழந்தைகள் வார்டில் ஒரு சிவப்பு மெழுகுக்குச்சி வாங்கிவந்தாள். குளிக்க வந்த ஒவ்வொருத்தியையும் ஸ்டூலில் உட்காரவைத்து, "நல்லா இருக்கற கைய நீட்டுங்க" என்றாள். விரல் தொட்ட இடத்தில் ஒரு கோடு. பதினோரு பேர். இடக்கைக்காரி, வலக்கைக்காரி, குட்டை, நெட்டை. கடைசியில் பார்த்தால் அத்தனை கோடும் சுவரில் ஒரே ஜாண் அகலத்துக்குள் அடங்கியிருந்தன. எது முதலில் கைக்கு வேண்டும் என்றும் எழுதிக்கொண்டாள்: குவளை, சோப்பு, துண்டு, மாற்றுத்துணி, கடைசியில் ஊன்றுகோல். நனைகிறது ஒரு பக்கம், நனையக் கூடாதது இன்னொரு பக்கம். ஆசிட்டுக்கு அறைக்கு வெளியே பூட்டு போட்ட அலமாரி.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள்: அதிகாரி அம்மா, பெரிய டாக்டர், இன்ஜினியர். சுவரில் சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் இன்ஜினியர் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்."

"மேடை கோணலாத்தான் இருக்கு சார். நீங்க ஆடிக் காட்டுங்க."

இரண்டு ஊன்றுகோலை அவர் அக்குளில் கொடுத்தாள். துண்டு, துணி, சோப்பு போட்ட ஒரு பையைக் கையில் திணித்தாள். "இடது கால் தரையில படக் கூடாது. போய் ஸ்டூல்ல உக்காந்து சோப்ப எடுங்க, போதும். தண்ணி கூட ஊத்த வேண்டாம்."

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. கண்ணாடித் தட்டில் சோப்பை வைத்தார். பையை மாட்ட இடம் தேடினார், இல்லை. பல்லில் கடித்துக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்து ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்தார். வழவழப்பான டைல்ஸில் இரண்டும் சரிந்து தடாலென்று விழுந்து கதவருகே போய் நின்றன. பல்லிலிருந்து பை நழுவி, துண்டு ஈரத்தில் கிடந்தது. சோப்புக்காகக் கையை நீட்டினார், எக்கினார், எழுந்தார்.

"கால் கீழ பட்டுடுச்சு சார்" என்றாள் கறார் அக்கா. "அந்தம்மாவுக்கு அங்கதான் கை ஒடைஞ்சுது."

டாக்டர் சொன்னார்: "வரைபடத்துல என் கையெழுத்தும் இருக்கு. படத்தப் பாத்தேன். உள்ள வந்து பாக்கல."

மூன்று வாரத்தில் சிவப்புக் கோடுகள் இருந்த இடத்தில் எவர்சில்வர் பலகை வந்தது. கொக்கியும், ஊன்றுகோலுக்கு வளையமும், வெளியே அலமாரியும் வந்தன. ஆனால் அவளுக்கு வந்த கடிதத்தில் 'விசாரணை முடித்து வைக்கப்பட்டது' என்று ஒரே வரி. ஆஸ்பத்திரிச் சிறுபுத்தகத்தில் அந்தக் குளியலறைக்கு முன்னால் இன்ஜினியர் நிற்கும் படம்; கீழே, 'நோயாளிகளின் தேவையறிந்து வடிவமைத்தவர்'.

"தப்பு என்னோடது இல்லன்னு எழுதித் தாங்க" என்று மூன்று முறை போய்க் கேட்டாள். அதிகாரி அம்மாவுக்கு மூன்று முறையும் கூட்டம் இருந்தது.

மணிக்கட்டைக் காட்ட வந்த தையல்காரம்மா அவளைத் தேடி வந்தாள். எலும்பு கூடிவிட்டது; கட்டைவிரல் மட்டும் முழுசாக மடங்கவில்லை. கத்தரிக்கோல் பிடித்தால் பத்து நிமிஷத்தில் நழுவுகிறது.

"குளிக்கற ரூம மாத்திட்டாங்களாமே அக்கா."

"மாத்திட்டாங்க. எனக்கு ஒரு வரி எழுதத்தான் அவங்களுக்குக் கை வரல."

"எனக்கு யாரு எழுதுனாங்க? என் கவனக்குறைவுன்னுதானே கேஸ் சீட்டுல இருக்கு."

கறார் அக்காவுக்கு அது தெரியாது. உடனே தையல்காரம்மாவின் தோளைப் பிடித்து அதிகாரி அறைக்கு முன்னாலிருந்த பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள். இருவரும் உட்கார்ந்தார்கள். பியூன் வந்து கூட்டம் என்றார். "நடக்கட்டும்" என்றாள். மதியம் போனது. சூப்பர்வைசர் வந்து வார்டுக்குப் போகச் சொன்னார். "இன்னைக்கு எனக்கு லீவு. காலையிலேயே எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். அது பொய், அவள் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று வார்டில் இன்றும் சொல்கிறார்கள்.

நாலரை மணிக்கு அதிகாரி அம்மா கதவைத் திறந்து, "உள்ள வாங்க, ரெண்டு பேரும்" என்றார். தவறு இவர்களுடையது இல்லை என்று இரண்டு காகிதங்கள் தட்டச்சாகின. கறார் அக்கா தன்னுடையதைப் படிக்காமல், முதலில் தையல்காரம்மாவுடையதை வரி வரியாகப் படித்தாள். "இங்க 'எதிர்பாராத விதமாக'ன்னு இருக்கு மேடம். முன்னாடியே ரெண்டு மனு போட்டிருக்கேன். எடுத்துடுங்க" என்றாள். எடுத்தார்கள்.