கரும்புள்ளிகளைத் துடைத்துவிட்டார்கள்

வெயிலில் சூடான பென்சிலுக்கு ஒரு வாசனை உண்டு. மரமும் கரியும் கலந்த வாசனை. பெங்களூரில் ஒரு சூரிய ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்த முதல் வேலை என்றாலே அந்த வாசனைதான் நினைவுக்கு வரும்...

தொலைநோக்கி வழியாக வரும் சூரியனை, பலகையில் குத்திய வெள்ளைத்தாளில் விழவைப்போம். சாப்பாட்டுத் தட்டு அளவில் பளீரென்று நிற்கும். அதிலுள்ள கரும்புள்ளிகளை அப்படியே பென்சிலால் வரைய வேண்டும். தினமும் காலையில். மேகம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பெங்களூர் மேகத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

என்னோடு வரைந்தவர் ஸ்டெல்லா அக்கா. விவேக் நகரிலிருந்து பஸ் பிடித்து வருவார். நான் அவசரப்பட்டுப் பென்சிலை எடுத்தால் ஒரே கத்தல்தான்.

"மொதல்ல தாள ஆட்டுடி!"

பலகையை லேசாக ஆட்டுவோம். புள்ளி தாளோடு சேர்ந்து நகர்ந்தால் தூசி. நகராமல் வெளிச்சத்திலேயே நின்றால் அது சூரியனுடையது. அதைப் பார்த்த பிறகுதான் வரைவோம்.

ஒருமுறை பெரிய புள்ளிக் கூட்டம் ஒன்று, சூரியன் சுழலச் சுழல மேற்கு ஓரத்தில் மறைந்து, இரண்டு வாரம் கழித்துக் கிழக்கு ஓரத்தில் திரும்ப எட்டிப் பார்த்தது. அக்கா பேக்கரியில் பன் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார்!

போன வாரம், அந்தப் படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆசையாகத் திறந்தேன்.

ஓரத்தில் என் கையெழுத்தில் தேதி இருந்தது. வட்டம் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

அடுத்த படம்... அதிலும் இல்லை. எல்லாம் இட்லி மாதிரி வெள்ளை வெளேரென்று.

பதறிப்போய் ஆய்வுக்கூடத்துக்கு ஃபோன் போட்டேன். ஸ்கேன் வேலைக்குப் பொறுப்பானவர் கன்னடம் கலந்து பெருமையாகச் சொன்னார்.

"ஆய்த்து மேடம், ஃபுல் க்ளீன்! பழைய பேப்பர் இல்லையா, ஒரே கறை. தேதியும் வட்டமும் விட்டுட்டு மிச்சத்த சாஃப்ட்வேர் வச்சு எடுத்துட்டோம்."

"அது கறை இல்லைங்க! அத வரையத்தான் எங்களுக்குச் சம்பளமே குடுத்தாங்க! ஒரிஜினல் எங்க?"

"ரூம் வேணும்னாங்க மேடம்... எடைக்குப் போட்டாச்சு."

வந்ததே கோபம்! இவருக்குத் தெரியாது, சரி. இவருக்கு மேலே வானியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்களே, ஒருத்தராவது ஒரு படத்தைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா? அந்தக் காலைகளில் சூரியன் எப்படி இருந்தது என்று இனி யார் போய்ப் பார்ப்பது?

இப்போது விண்வெளியிலிருந்தே ஓயாமல் சூரியனைப் படம் பிடிக்கிறார்கள். நல்லதுதான். நாங்கள் ஒரு நாளைக்கு ஒரே படம்தான் வரைந்தோம். ஆனால் பார்த்து வரைந்தோம்.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காக்ஸ் டவுனில் எங்கள் மொட்டைமாடியில் நின்று ஃபோன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அக்கா மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டி... ஒருத்தராவது தாள ஆட்டிப் பாத்தாங்களா?"