போய்ச் சேரும் வரை பெருக்காதீங்கோ

போன வாரம் என் வீட்டில் துடைப்பத்துக்கு லீவு. கொடுத்தது நானேதான்!

மனைவி மங்களம் முதல் பிரசவத்துக்குப் பிறந்தகம் கிளம்பினாள். கல்கத்தாவிலிருந்து கும்பகோணம். ஹௌராவில் ரயில் ஏறினால் மதராஸ் போகவே இரண்டு ராத்திரி. அங்கே இறங்கி, எழும்பூர் போய், வேறு ரயில் பிடித்து இன்னொரு ராத்திரி. துணைக்கு அவள் அண்ணா. வயிற்றிலோ ஏழு மாதம். மழைக்காலம் வேறு... வழியெல்லாம் ஆறுகள் கரை புரள்கின்றனவாம்.

வண்டி நகரும்போது ஜன்னல் வழியே என்ன சொன்னாள் தெரியுமா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றா? ம்ஹூம்!

"ஏன்னா, நான் போய்ச் சேர்ற வரைக்கும் ஆத்தைப் பெருக்கித் துடைச்சுடாதீங்கோ. கேட்டேளா?"

நம் வீடுகளில் உள்ள வழக்கம்தான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

"சாந்த்ராகாச்சி தாண்டினா போறாதோடி?" என்று சீண்டினேன். சாந்த்ராகாச்சி ஹௌராவைத் தாண்டினால் வந்துவிடும். அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் மாட்டு வண்டியில் பக்கத்து ஊர் போயிருப்பார்கள். மத்தியானத்துக்குள் வீட்டைப் பெருக்கியாகிவிடும். பேரன்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் குடித்தனம் போடுவார்கள் என்று கண்டார்களா, பாவம்?

மறுநாள் காலை காந்தா மாசி துடைப்பத்தோடு வந்தாள். இங்கே பாலிகஞ்சில் எங்கள் வீட்டு வேலையெல்லாம் அவள்தான்; மாசி என்றால் வங்காளியில் சித்தி. 'பெருக்கு' என்று சொல்ல வாயெடுத்தேன்... வரவில்லை. வண்டி இப்போது எந்தப் பாலத்தின் மேல் போகிறதோ?

"இன்னிக்கு வேண்டாம்" என்றேன். அடுத்த நாளும் வேண்டாம் என்றேன்.

கரிப் புகையும் மழைச் சேறும் சேர்ந்து தரையின் நிறமே மாறிவிட்டது. பக்கத்து வீட்டு பௌதி — அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறோம் — எட்டிப் பார்த்துத் திகைத்துப்போனாள். விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"பெருக்காதீங்க பாபு" என்றாள். அப்புறம் கைகூப்பி, "துர்கா, துர்கா" என்றாள். பயணம் போகிறவர்களுக்காக வங்காளிகள் அப்படிச் சொல்வது வழக்கம்.

ரயில்காரர்கள் தூரத்தை மைல் கணக்கில் அச்சடித்துவிடுகிறார்கள். எவ்வளவு தூரம் என்று வீட்டில் தனியாக இருப்பவனைக் கேட்டால், குப்பையைத்தான் காட்டுவான். பயமாக இருந்தது ஐயா... நிஜமாகவே பயமாக இருந்தது.

கடைசியில் தந்தி வந்தது. சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள்! நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

உடனே காந்தா மாசியைக் கூப்பிட்டேன். கூடம், சமையலறை, தாழ்வாரம் எல்லாம் பளிச்சென்று ஆனது. கடைசியாகக் கண்ணாடிக்குக் கீழே வந்தாள். கிளம்புகிற அவசரத்தில் மங்களம் உட்கார்ந்து பூத் தொடுத்த மூலை. காய்ந்த மல்லிகை நாலைந்தும், கொஞ்சம் நாரும் கிடந்தன.

"அங்கே வேண்டாம் மாசி."

"அதான் தந்தி வந்தாச்சே, பாபு?"

வந்தது, வாஸ்தவம்தான். அந்த மூலைக்கு இன்னும் வரவில்லையே!