புற்றைப் பார்த்துப் போட்ட பந்தல்

பெரியக்காவின் நிக்காஹ்வுக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையை மறந்திருக்கலாம், பிரியாணியைக்கூட மறந்திருக்கலாம். பந்தலை மறக்கவில்லை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் யாராவது இருமினால், "இன்னா பாய், இவரும் உங்க வூட்டுக் கல்யாணத்துக்கு வந்தவரா?" என்று அத்தாவிடம் கேட்கிற ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

பந்தலுக்குக் காரணம் மாமு, அதாவது அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே தங்கி என்ஜினீயரிங் முடித்தவர். சென்னையில் மேல்படிப்புக்கு இடமும் வாங்கிவைத்திருந்தார். கரண்ட் இல்லாமல் கட்டடத்தைக் குளிரவைப்பது எப்படி என்பதுதான் அந்தப் படிப்பு. சன்னலைத் திறந்தால் ஆச்சு, இதற்குப் போய் இரண்டு வருஷமா என்பது அத்தாவின் கட்சி.

அத்தாவுக்குச் செருப்புக் கடை. குனிந்து குனிந்து ஊர்க்காலுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிட்டு அவருடைய முழங்கால் போயிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பெண்கள். கடைக்கு இனி யார் என்று யோசித்தால் மாமுவைத் தவிர வேறு ஆளில்லை. நான் அந்த யோசனையில் வரவே இல்லை. எனக்கு வயது பத்து, அது போக நான் பெண். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கல்யாணம் மே மாதத்தில் விழுந்தது. மண்டபம் கிடைக்காமல், வீட்டை ஒட்டிய காலி மனையில் பந்தல் என்று முடிவானது. எங்கள் ஊர் மே மாத வெயிலில் பந்தலுக்குள் உட்காருவதும் இட்லிப் பானைக்குள் உட்காருவதும் ஒன்றுதான். அப்போதுதான் மாமு, பந்தலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"ஒருத்தருக்கும் வேர்க்கக் கூடாது தம்பி. அப்படி மட்டும் ஆயிடுச்சுன்னா நீ மெட்ராஸ் போ, நான் குறுக்க நிக்கல," என்றார் அத்தா. "இல்லன்னா திங்கக்கெழம கடைக்கு வந்துடணும்."

"சரிங்க மச்சான்," என்றார் மாமு. அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது அம்மாவுக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் என்னை பைக்கில் உட்காரவைத்துக் கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே கரும்புக் கொல்லை ஓரத்தில் என்னைவிட உயரமான கறையான் புற்று ஒன்று இருந்தது. மாமு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, புற்றின் அடியில் இருந்த பொந்தருகே பிடித்தார். புகை வெளியே பரவாமல் உள்ளே போனது.

"பாத்தியா? உள்ள சூடான காத்து மேல போயிடுது. போறப்ப கீழேருந்து புதுக் காத்த இழுத்துக்குது. ஃபேனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம பந்தலும் இப்படித்தான்."

எனக்கு அதைவிட முக்கியமான ஒன்று பின்னால் நடந்துகொண்டிருந்தது. கொல்லையில் களையெடுத்த அம்மா ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். "பாய் வூட்டுப் புள்ளையா இருந்துக்கினு நாகாத்தாளுக்கு ஊதுபத்தி காட்டுறியே, நல்லா இருப்பப்பா," என்றார். மாமு மறுக்கவில்லை. போகிற காரியத்துக்கு வாழ்த்து எங்கிருந்து வந்தால் என்ன என்று நினைத்திருப்பார்.

பந்தல் எழும்பியது. நாலு பக்கமும் தார்ப்பாய், அடியில் மட்டும் முழங்கால் உயரத்துக்குத் திறப்பு. நடு உச்சியில், தகரத்தை உருட்டிக் கறுப்புப் பெயின்ட் அடித்த நெட்டைக் குழாய். வெயிலில் தகரம் காய்ந்தால் காற்று இன்னும் வேகமாக ஏறுமாம். தெருவில் போனவர்கள் சும்மா போகவில்லை. "இன்னா பாய், நிக்காஹ்வா? நெல்லு அவிக்கப் போறீங்களா?" என்று கேட்டார் ஒருவர். ரைஸ் மில் நிறைந்த ஊரில் குழாயைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்! அத்தா பல்லைக் கடித்துக்கொண்டார்.

முந்தின நாள் மத்தியானம் மாமு குழாய்க்கு நேர் கீழே நின்று, கைக்குட்டையின் இரண்டு முனைகளைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். துணி மேலே பறந்து படபடவென்று அடித்தது. நான் கைதட்டினேன். அத்தாவைக் கூப்பிட்டார். தலைக்கு மேல் வேலை கிடக்கிறது என்று அத்தா வாசலோடு நின்றுகொண்டார்.

கல்யாணத்தன்று காலை வெயில் ஏறத் தொடங்கியபோது, சமையல்காரரான பிரியாணிப் பண்டாரி தேக்சா அண்டாக்களோடு வந்து இறங்கினார். அடுப்பை எங்கே போடுவது என்று பண்டாரிக்கு யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். அவரே மனையைச் சுற்றி வந்தார். பந்தலின் மேற்குத் திறப்புக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"யப்பா, இங்க இன்னா ஜில்லுனு காத்து போவுது! இங்கயே போட்டுடலாம்."

மாமு அப்போது குளிக்கப் போயிருந்தார்.

பதினொரு மணிக்குப் பள்ளிவாசல் ஹஜ்ரத் நிக்காஹ் குத்பா ஓத ஆரம்பித்தார். அதே நேரத்தில் பண்டாரி தம் போடுவதற்காக விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தார். வந்ததே புகை! அது வானத்துக்குப் போகவில்லை, தெருவுக்கும் போகவில்லை. திறப்பு வழியாகக் குனிந்து, வரிசை தவறாமல் பந்தலுக்குள் வந்தது. ஹஜ்ரத் இருமினார். மாப்பிள்ளை முகத்தை மறைத்துத் தொங்கிய பூச்சேராவுக்குள்ளிருந்து இருமினார். சம்மதத்துக்கு 'கபூல்' என்று அவர் சொன்னதை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லித்தான் சாட்சிகள் ஏற்றுக்கொண்டார்கள்.

"பொண்ணு வூட்டுக்காரங்க அழுவுறது வழக்கம். மாப்பிள்ள வூட்டு ஜனத்த அழ வெச்சது இங்கதான்!" என்றார் உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியம்மா. சிரித்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அத்தா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினார், முழங்கால் வலியோடு. அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. புகையினால் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஒருவருக்கும் வேர்க்கவில்லை. அதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

மாமுவைத் தேடினேன். குழாய்க்குக் கீழே, புகைக்கு நடுவே, அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"எப்படிப் போவுது பாரு பாப்பா! நேரா மேல!" என்றார்.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். குழாயிலிருந்து புகை ரைஸ் மில் மாதிரியே போய்க்கொண்டிருந்தது. அவமானத்தில் மாமுவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவு செய்தேன்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அக்காவை அனுப்பிவைத்தோம். உறவுக்காரர்கள் கிளம்பினார்கள், பண்டாரி தேக்சாவைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனார். மாமு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒருவருக்காவது வேர்த்ததா என்று அவர் கேட்டிருக்கலாம். ஏனோ கேட்கவில்லை.

நான் பந்தலுக்குள், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்குப் பின்னால், சிந்திக்கிடந்த பேரீச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தா தனியாக உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேற்குத் திறப்பருகே முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் காற்றில் நீட்டினார். பிறகு குழாய்க்கு நேர் கீழே வந்து, காலையிலிருந்து கண்ணைத் துடைத்துத் துடைத்து ஈரமாகியிருந்த கைக்குட்டையை எடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கினார். துணி மேலே எழும்பிப் படபடத்தது. இறக்கினார். மறுபடியும் தூக்கினார். அப்படியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"திங்கக்கெழம எட்டு மணிக்குக் கடைக்கு வந்துடு தம்பி," என்றார், மாமுவின் முகத்தைப் பார்க்காமல்.

"சரிங்க மச்சான்."

அத்தா கைக்குட்டையைக் காயவைத்தார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.