டென்ஷன் ஆகாதே என்றார்கள்

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் ஒரே அறிவுரைதான்: "டென்ஷன் ஆகாதீங்க." டாக்டர் சொன்னார். துபாயில், அல் குசைஸில் என்னோடு ஒரே ரூமில் இருக்கும் மூன்று பெண்களும் சொன்னார்கள். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து நாத்தனார் போன் போட்டு, "மைனி, சும்மா சும்மா கோவப்படாதீங்க. அதான் ஒங்களுக்கு சுகரு ஏறுது" என்றாள். கோபம் எனக்குப் பிறவிக் குணம். சர்க்கரை வந்ததோ நாற்பத்தாறு வயதில். இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு உண்மையிலேயே டென்ஷன் ஏறும்.

நான் பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆள். இங்கே எங்களை நானி என்பார்கள். காலை ஐந்து மணிக்கு, பஸ்கள் நிற்கும் யார்டிலிருந்து வண்டி கிளம்பும். பெரிய பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிய கையோடு சின்னப் பிள்ளைகளுக்காக இரண்டாவது டிரிப். யார்டுக்குத் திரும்ப ஒன்பதரை ஆகும். வண்டியில் ஒரு பிள்ளை இருந்தாலும் நானி இறங்கக் கூடாது. அந்த விதியோடு எனக்குச் சண்டை இல்லை. தூங்கிப்போன பிள்ளையைப் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிட்டால் இந்த வெயிலில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கடைசி சீட்டு வரை குனிந்து பார்க்காமல் நான் ஒருநாளும் இறங்கியதில்லை. என் கேள்வி வேறு. அந்த நாலரை மணி நேரத்தில் நானி ஒன்றுக்கு எங்கே போவாள்?

டிரைவர்கள் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு ஓடிவிட்டு வந்துவிடுவார்கள். அங்கே பெண்கள் பகுதி காலையில் பூட்டிக் கிடக்கும். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிப் பத்தடியில் ஒரு கழிப்பறை உண்டு. பஸ் ஆட்களுக்கு அனுமதி இல்லை. அதனால் எல்லா நானிகளும் செய்வதையே நானும் செய்தேன். முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்தினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் அடக்கிக்கொண்டேன். அதில் நான் கெட்டிக்காரி என்று பெருமை வேறு.

போன வருஷம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கிறது, தண்ணீர் குடிக்காமல் இப்படியே இருந்தால் டயாலிசிஸில்தான் போய் நிற்கும் என்றார். ஊரில் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வேலையையும் விட முடியாது, சிறுநீரகத்தையும் விட முடியாது.

அந்த மாதம்தான் கம்பெனியில் எங்களுக்கு மன அழுத்தத்தைக் குறைக்கப் பயிற்சி வைத்தார்கள். முப்பது நானிகளை ஒரு ஹாலில் உட்கார வைத்து, கோட்டுப் போட்ட ஒருவர் மூச்சை இழுக்கச் சொன்னார், பிடிக்கச் சொன்னார், விடச் சொன்னார். ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்து, கோபம் வந்தால் அமுக்குங்கள் என்றார். கடைசியில் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, அழுத்தம் குறைய நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். நான் எழுந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில், "சார், குடிக்கிறேன். குடிச்ச தண்ணி எங்க போகும்?" என்று கேட்டேன். ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஊருக்குப் போய்விடு, கலாஸ், அத்தோடு முடிந்தது என்றார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே வாயுள்ள பிள்ளைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. அன்றைக்கு ரூமுக்குப் போய் அழுதேன். பயத்தில்தான் அழுதேன், அதை மறைக்க எனக்கு அவசியம் இல்லை.

மறுநாள் கிளம்பும்போதே அரை லிட்டர் தண்ணீர் குடித்தேன். பள்ளியில் பிள்ளைகள் எல்லோரும் இறங்கினார்கள். சீட்டு சீட்டாகப் பார்த்து முடித்தேன். "தம்பி, அஞ்சு நிமிஷம்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு நேரே கேட்டுக்கு நடந்தேன். "பஸ் ஸ்டாஃப் மாஃபி, மாஃபி!" என்று வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். "பாய், எனக்கு சுகர். வழிய விடுறீங்களா, இல்ல இங்கயே ஒக்காரட்டா?" என்றேன். பிள்ளைகளை விட வந்த பெற்றோர்களின் கார்கள் வரிசையாக நின்றன. நான் சொன்னால் செய்வேன் என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் விலகிக்கொண்டார். மூன்றாம் நாள் எனக்குப் பின்னால் வேறு வண்டிகளின் நானிகள் இரண்டு பேர் வந்தார்கள்.

அந்த வாரமே சூப்பர்வைசர் கடிதம் கேட்டார். டியூட்டியில் வண்டியை விட்டு ஏன் போனாய், எழுத்தில் விளக்கம் கொடு, இல்லையென்றால் வேலை இல்லை. எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. என் வண்டி டிரைவர் ராமநாதபுரத்துப் பையன், நல்ல மனசு. அவன்தான் பேனாவை எடுத்தான்.

"அக்கா, 'மெடிக்கல் ரீசன்'னு போடுவோம். டீசன்டா இருக்கும். கீழ ஒரு சாரி போட்டா விட்டுருவாய்ங்க."

"என்னத்துக்கு மக்ளே சாரி? நான் என்ன களவா எடுத்தேன்? நான் சொல்லுகத அப்படியே எழுது."

வண்டியில் பிள்ளைகள் யாரும் இல்லை. எல்லாச் சீட்டையும் பார்த்தேன். பிறகு ஒன்றுக்குப் போனேன். நாளைக்கும் போவேன்.

கடைசி வரியில் அவன் பேனா நின்றுவிட்டது. "இது வேணுமாக்கா?"

"அத மொதல்ல எழுதியிருக்கணும்."

எழுதினான். கையெழுத்துப் போட்டு நானே கொண்டுபோய் சூப்பர்வைசர் மேசையில் வைத்தேன். பதில் இன்றுவரை வரவில்லை. நான் தினமும் போகிறேன்.