குணபத்திரன் வடிகட்டிய பிரேக் ஆயில்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே குணபத்திரனைப் போல பிரேக் போடுகிற மனிதர் பிறந்ததே இல்லை. சாலையைக் கடக்கிற எறும்பு அவருடைய காரைப் பார்த்தால், பின்னால் வரும் சொந்தக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்தி, நலம் விசாரித்துவிட்டுத்தான் கடக்கும். சரி, எறும்பு கொஞ்சம் அதிகம்தான். ஓணான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் குறைக்க முடியாது.

மனிதர் மல்லாட்டை வியாபாரி; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர் அதுதான். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம்; குடியிருப்பது திண்டிவனத்தில். வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. வடிகட்டாமல் எதையும் புழங்குவதும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கூடத் தன்னால் போய்விடக் கூடாதென்று குழாய்த் தண்ணீரைத் துணியில் வடிகட்டுவார். பாலை வடிகட்டுவார், வெல்லப்பாகை வடிகட்டுவார். “நான் பேசறதையும் வடிகட்டித்தான் காதுல உடுவாரு. பாதி துணியிலயே தங்கிடும்” என்பாள் மனைவி ஜெயமதி.

எதிர்வீட்டு வீரம்மாள் இவர்களுக்குக் கூடப் பிறக்காத அக்கா. பெருமுக்கல் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்தவள். ஜெயமதியின் பிரசவத்தில் இரத்தம் கிடைக்காமல் எல்லாரும் அலைந்தபோது, வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்து கையை நீட்டியவள். இப்போது அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. விழுப்புரத்தில் ஆபரேஷன் என்று மூன்று தடவை நாள் குறித்து, மூன்று தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துவிட்டாள். இந்தத் தடவை ஒரே நிபந்தனை.

“தம்பி வண்டின்னா வர்றேன். வாடகை வண்டியில ஏறச் சொன்னா ஆபரேசனே வேணாம்.”

வியாழக்கிழமை காலை ஆபரேஷன். புதன்கிழமை மத்தியானம் காரின் பிரேக் குழாயில் விரிசல். மெக்கானிக் ராஜ்குமாரோ நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோட்டக்குப்பம் போயிருந்தான். “குழாய நீயே மாத்திடலாம்ண்ணா. ஆனா உள்ள பூந்த ஏர எடுத்தாதான் பிரேக் புடிக்கும்” என்று போனில் சொல்லிவிட்டு பிரியாணிக்குப் போய்விட்டான். ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தால் பெடல் தலையணை மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது.

குணபத்திரன் குழாயை மாற்றினார். புது ஆயில் ஊற்றினார். போனில் வீடியோ பார்த்து முதல் வழியைப் பிடித்தார்: சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் தளர்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால், ஆயில் தானாகச் சொட்டிக் காற்றையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுமாம். யாரையும் தொந்தரவு செய்யாத வழி. அவர் குணத்துக்குப் பொருத்தமானது. சொட்டியது, சொட்டியது, சொட்டிக்கொண்டே இருந்தது. பெடல் அமுங்கிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது வழி, மாட்டுக்கு ஊசி போடுகிற பெரிய சிரிஞ்சில் டியூப் மாட்டி உறிஞ்சுவது. இது வேகம். ஆனால் குமிழி நிற்கவேயில்லை. உள்ளே இருக்கும் காற்று வருகிறதா, நிப்பிள் மரையின் வழியாக வெளிக்காற்று நுழைகிறதா என்று அந்த மகாவீரருக்கே வெளிச்சம்.

அப்போதுதான் ஜெயமதி வாசலுக்கு வந்தாள்.

“ஏங்க, தண்ணி வடிகட்டற துணி எங்க? அலசித் தொங்கப் போட்டிருந்தேன்.”

ஆயில் டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைத் துணி ஈரமும் எண்ணெயுமாகக் கிடந்தது.

“பிரேக் ஆயிலையுமா வடிகட்டுனீங்க?”

“கை பழக்கம் ஜெயா.”

“ஈரத்துணியிலயா? ஈரம் படக்கூடாதுன்னு டப்பா மேலயே போட்டிருக்கு பாருங்க!”

வாசலில் கோணி விரித்து உட்கார்ந்திருந்த வீரம்மாள் கேட்டாள்: “ஈரம் பட்டா இன்னா ஆவும்?”

“சூட்டுல அந்தத் தண்ணி ஆவியாப் பூடும்க்கா. பாதி வழியில பெடலு தரைக்குப் போவும்.” அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. “போதாததுக்கு, வடிகட்டி வடிகட்டி நானே நுரையக் கிளப்பி உட்டிருக்கேன்.”

“அப்ப ஆபரேசன் வேணாம்னு சொல்லிடு தம்பி” என்றாள் வீரம்மாள், கொஞ்சம் சந்தோஷமாகவே.

அந்தச் சந்தோஷம்தான் அவரை எழுப்பியது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் மூடி திறக்காத டப்பா வாங்கி வந்தார். பழையதை முழுக்க இறக்கினார். வெயில் மஞ்சளாகிவிட்டது. அடுப்பில் உலைகூட வைக்கவில்லை.

“நீ போய்ச் சமைச்சு சாப்பிடு ஜெயா. பொழுது போவுது.”

“இது ரெண்டு ஆள் வேலைன்னு மத்தியானமே தெரியாதா உங்களுக்கு? நவுருங்க.” ஜெயமதி அடுப்பை மறந்து டிரைவர் சீட்டில் ஏறிவிட்டாள்.

மூன்றாவது வழி பழைய வழி. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். குணபத்திரனின் குரலோ பந்தியில் பக்கத்து இலைக்கே கேட்காது. சக்கரத்தடியில் அவர் முணுமுணுப்பதை வாங்கி, வீரம்மாள் களத்தில் மாடு ஓட்டிய குரலில் முழங்கினாள்.

“மிதி! புடி! உட்டுடாத! ம்ம்... இப்ப உடு!”

தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக வந்தார்கள். டியூபில் குமிழி குறைந்து, நின்று, தேன் மாதிரித் தெளிந்த ஆயில் ஓடியது. கடைசிச் சக்கரம் முடிந்தபோது பெடல் கல் மாதிரி நின்றது; சூரியன் போய்விட்டிருந்தது. இருவரும் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்தார்கள். பசியிலும் குணபத்திரனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

காலையில் தெருவை மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் பெடல் காலை எதிர்த்து நின்ற ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்துக்கொண்டார். வீரம்மாளுக்குச் சாக்கு எதுவும் கிடைக்கவில்லை. முதல் கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, அதில் கட்டோடு வெளியே வந்தாள்.

“நல்லா ஆயிடுச்சு. நேரத்துக்கு இட்டுக்கினு வந்தீங்களே, உங்களுக்குத்தான் சார் நன்றி சொல்லணும்” என்றாள் நர்ஸ் புனிதா.

“எனக்கு எதுக்கும்மா? நன்றியெல்லாம் என் ஊட்டுக்காரம்மா காலுக்குச் சொல்லுங்க. அதுதான் வண்டிய நிறுத்துச்சு.”

கட்டுப் போட்ட கண்ணோடு வீரம்மாள் சரியாக அவர் பக்கம் திரும்பினாள்.

“காலு மட்டுமா தம்பி? நேத்து கத்துனதுல எனக்குத் தொண்டையே கட்டிக்கிச்சு. அத்த ஏன் சொல்லாம உட்ட?”