ஒருவர் முகம் வெளிறாமல்

நான் தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்துக்குத் தலைவியானது வேறு யாரும் முன்வராததால்தான். எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் தலையை நிமிர்த்திவிட்டேன். உடனே கை தட்டி முடித்துவிட்டார்கள்.

முதல் வேலை ஆண்டு விழா. முதல் சிக்கல் சாம்பார். எங்கள் விழாக்களுக்கெல்லாம் ஆசையோடு சமைப்பவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர். எல்லாருக்கும் அவர் அண்ணைதான். போன முறை அவர் வைத்த சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு. அதற்கு முந்தின முறை உப்பே இல்லை.

"இந்த முறை அவரை அடுப்படிக்கு விடேலாது," என்றார் சங்கத்தின் செயலாளர். "கூட்டத்தில நீங்களே சொல்லிப்போடுங்கோ. எல்லாருக்கும் முன்னால சொன்னால்தான் அவருக்கு ஏறும்."

அன்று பின்னேரம், புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியேறிய ஸ்ட்ரெதம் பகுதியில், என் வீட்டு வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் புலம்பினேன். அவள் யூதப் பெண், என் வயதுதான். தங்கள் தொழுகைக்கூடத்தின் சமையற்குழுவை நடத்துபவள் என்பதால் என் தொல்லை அவளுக்கு விளக்காமலே விளங்கியது.

"கூட்டத்தில் மட்டும் சொல்லிவிடாதே," என்றாள். "பலர் முன்னிலையில் ஒருவருடைய முகத்தை வெளிறச் செய்வது அவர் இரத்தத்தைச் சிந்துவதற்குச் சமம் என்று எங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லித்தருவார்கள். தலைமையில் இருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உன் வாயிலிருந்து வந்தால் அது தீர்ப்பாகிவிடும்."

"அப்படியானால் பேசாமல் சாப்பிடுவதா?"

"இல்லை, சொல்லத்தான் வேண்டும். தனியே போய்ச் சொல். அவர் பக்கம் ஏதாவது நியாயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போ. ஒருவரை எடைபோடும்போது தராசுத் தட்டை அவர் பக்கம் சாய்த்துப் பார் என்பதும் எங்கள் பாடம்தான்." பிறகு சிரித்தாள். "என் கணவர் விஷயத்தில் மட்டும் இதெல்லாம் எனக்கு மறந்துபோகும்."

லூயிஷாமிலுள்ள அண்ணை வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் எவ்வளவு யோசித்தும் அவ்வளவு உப்புக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை. அவர் தேநீர் தந்தார். அதில் சீனியும் கண்டபடி இருந்தது.

"அண்ணை, போன முறை சாம்பாரில உப்புக் கூடிப்போச்சு. என்ன நடந்தது?"

தன் கோப்பையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்து போனதில இருந்து எனக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. எல்லாம் கைக்கணக்கில போடுறன்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சமைக்கிறவனுக்கு நாக்குச் செத்துப்போச்செண்டு எப்பிடிச் சொல்லுறது? பிறகு என்னை ஆர் கூப்பிடுவினம்?"

கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இவரைப் பற்றிப் பேசியிருந்தால் என்று நினைத்தபடி, அந்தத் தேநீரை மிச்சமில்லாமல் குடித்தேன்.

"நீங்கள் சமையுங்கோ அண்ணை. நான் ருசி பாக்கிறன்."

"அந்த வெக்கையில நிக்க ஏலுமே?"

"ஏலும்."

விழாவன்று அவர் கிண்டினார், நான் சுவைத்தேன்.

"உப்பு?"

"இன்னும் கொஞ்சம்."

"புளி?"

"காணும், காணும்! இனிப் போடாதேங்கோ!"

சாம்பார், ரசம், பாயசம் என்று கரண்டி கரண்டியாகக் குடித்து, பந்தி தொடங்குவதற்கு முன்பே என் வயிறு நிறைந்துவிட்டது. செயலாளர் இரண்டாம் முறையும் சாம்பார் வாங்கினார். அப்போது அண்ணை தானாகவே மைக்கை எடுத்தார்.

"எனக்கு ருசி தெரியாமல் கனகாலம். இண்டைக்குச் சாம்பார் நல்லாயிருந்தால் அது இந்தத் தங்கச்சியின்ர நாக்கு. உப்புக் கூடியிருந்தாலும் அவவின்ர நாக்குத்தான்!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. செயலாளர் எழுந்துபோய், "அடுத்த முறை நானும் ருசி பாக்க வாறன் அண்ணை," என்றார்.

பக்கத்து வீட்டுக்காரியும் வந்திருந்தாள். அவர்களுடைய உணவு விதிப்படி எங்கள் சமையலைச் சாப்பிட முடியாது என்பதால், தனக்கெனத் தோடம்பழங்கள் கொண்டுவந்திருந்தாள். விருந்தாளி பந்தியில் சாப்பிடாமல் இருப்பது அண்ணைக்குப் பொறுக்கவில்லை. கையைக் கழுவி வந்து, ஒரு பழத்தை உரித்துக் கொடுத்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிக்குதோ எண்டு கேளுங்கோ," என்றார் என்னிடம். கேட்டேன்.

"உண்மையைச் சொன்னால், கொஞ்சம் புளிப்பு," என்றாள்.

அண்ணை இன்னொரு பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.