வலப்பக்கத்து முடி

பெரிஹானின் இடுக்கி உப்புநீரில் கிடந்த முடிவேர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒற்றை முடி ஒரு பக்கம், இரட்டை முடி ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தது. வேருக்கு மேலே ஒட்டியிருக்கும் சதையைத்தான் பிடிக்க வேண்டும். அடியிலுள்ள குமிழ் நசுங்கினால் முடி செத்தது. காற்றில் உலர்ந்தாலும் செத்ததுதான். செத்த வேரை நட்டாலும் புண் ஆறிவிடும். முடி வராது என்பது தெரிய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் யார் கை கெடுத்தது என்று யாரைக் கேட்பது?

அதுதான் அவளை உறுத்தியது. சென்ற ரமலானில் இஸ்தான்புல்லின் இந்த மருத்துவமனையில் முடி நட்டுக்கொண்டு போனவர்கள் இப்போது, அடுத்த ரமலானில், திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் இடப்பக்கம் அடர்த்தி, வலப்பக்கம் சொட்டை. மற்ற மாதத்து ஆட்களுக்குக் குறையில்லை. இடப்பக்கம் நடுவது பெரிஹான். அது முடிந்து, மாலையில் நோன்பு திறந்த பிறகு வலப்பக்கம் நடுவது துலின். துலின் நோன்பு வைப்பவள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்த கை நடுங்காமல் என்ன செய்யும்?

பெரிஹான் முன்பு வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொண்டவள். இடுப்பு விட்டுப்போன பிறகுதான் உட்கார்ந்து செய்யும் இந்த வேலைக்கு வந்தாள். அம்மாவுக்குப் படுக்கைப்புண் ஒன்றும் இல்லை என்று சொல்லும் நோயாளியின் மகளை நம்பாமல் போர்வையைத் தூக்கிப் பார்த்தே பழகியவள். அந்தப் பழக்கம் போகவில்லை.

அன்று மேசையில் குப்புறக் கிடந்தவன் ஷெவ்கெத், மினிபஸ் ஓட்டுபவன். முன்பே வேறெங்கோ மலிவாகச் செய்துகொண்டு ஏமாந்தவன். பின்மண்டையில் எடுத்து நட இந்த ஒரு தடவைக்குத்தான் முடி இருந்தது. மரத்துப்போன தலையோடு அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

"எங்கிட்ட மிச்சமிருந்ததெல்லாம் உங்க தட்டுலதான் இருக்கு அக்கா. தும்மிடாதீங்க."

இவனுக்கும் பாதித் தலை போய்விடக் கூடாது என்று பெரிஹான் எதிரே உட்கார்ந்து வேர் பிரித்துக்கொண்டிருந்த துலின்மேல் கண் வைத்திருந்தாள். துலினுக்கு அது தெரிந்துவிட்டது.

"என்னக்கா, காலையிலேர்ந்து என் கையவே பாக்குறீங்க?"

"நோன்புக் கை நடுங்குதான்னு பாத்தேன்."

"நடுங்குனா நானே இடுக்கியக் கீழ வச்சிருவேன். நீங்க சொல்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன்."

கை நடுங்கவில்லை. பிடியும் சரியாக இருந்தது. பெரிஹானின் சந்தேகம் அதற்காக விலகவில்லை. நான் பார்க்கும்போது ஒழுங்காகத்தான் செய்வாள் என்று நினைத்துக்கொண்டாள்.

இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கத்துக்கான வேர்த் தட்டை மூடி, வழக்கம்போல் சமையலறைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு எல்லோரும் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். பெரிஹானுக்குச் சர்க்கரை, நோன்பு இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் கூட உட்காராமலிருப்பது மரியாதையல்ல. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள். துலினின் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. பெரிஹான் பருப்பு சூப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அங்கே துலின் இல்லை. டீ போடும் நஸ்மியே என்ற பெண் தனியாக நின்று, ரமலானுக்கென்றே செய்கிற பால் இனிப்பை வெட்டிக்கொண்டிருந்தாள். குளிர்பெட்டியைத் திறந்தால் தட்டுத் தட்டாக இனிப்பு. வேர்த் தட்டைக் காணவில்லை.

"தட்டு எங்க?"

நஸ்மியே கத்தியாலேயே குளிர்பெட்டியின் மேல்கதவைக் காட்டினாள். "ஐஸ் அறையில பத்திரமா இருக்கு. கீழ இனிப்புக்கு எடம் வேணும்ல? குளிர் கொறையக் கூடாதுன்னு நீங்கதான சத்தம் போடுவீங்க. அங்க இன்னும் நல்ல குளிரு."

"போன வருஷமும் இப்படித்தானா?"

"ரமலான் பூரா இப்படித்தான். நீங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எறக்கி வச்சிருவேன். ஒரு நாளாவது மறந்திருப்பேனா?"

தட்டின் விளிம்பில் மெல்லிய பனித்தோல் படிந்திருந்தது. உறைந்தாலும் வேர் செத்ததுதான். உருகிய பிறகு பார்வைக்கு நல்ல வேர் போலத்தான் இருக்கும். பெரிஹான் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். கை கழுவிவிட்டு வந்த துலின் வாசலில் நின்றிருந்தாள், எல்லாம் கேட்டிருந்தாள்.

"அப்ப என் கை இல்ல," என்றாள்.

"இல்ல. விளக்கப் போடு."

இருவரும் உருப்பெருக்கியின் கீழ் உட்கார்ந்தார்கள். துலின் அதுவரை ஒரு வாய் தண்ணீர்தான் குடித்திருந்தாள். பனி தொட்ட வேர்களை டாக்டரிடம் காட்டி ஒதுக்கினார்கள். மீதியைத் துலினே நட்டாள். ஒதுக்கியது ஒரு சின்னக் குவியல்தான். ஆனால் ஷெவ்கெத்தின் தலையில் அதற்கு மாற்று கிடையாது. அவனிடம் காலையில் சொல்லலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை பெரிஹான் முதல் வேலையாக ஒரு சின்னக் குளிர்பெட்டியை அறுவை அறைக்குள்ளேயே வைக்கச் செய்து, அதன் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு கட்டு அவிழ்க்க வந்த ஷெவ்கெத்தை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். வலது நெற்றியோரம் கொஞ்சம் இடம் காலியாகவே இருக்கும் என்றாள். நட்டதில் எத்தனை பிழைக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை.

அவன் இடது நெற்றியோரம் கையைக் கொண்டுபோய்த் தொடாமல் இறக்கினான். பிறகு, "இடப்பக்கமாவது உங்க கை பட்டது," என்றான்.

"வலப்பக்கம் பட்டதும் நல்ல கைதான்," என்று சொல்லிவிட்டு, பெரிஹான் துலினைக் கூப்பிட்டாள். கட்டை அவளையே அவிழ்க்கச் சொன்னாள்.